எட்டாவது எண்ணுக்கு நேரே

1

அறையில் இருந்தவர்கள்:

சூசைநாதன், வயது முப்பத்து நான்கு. ஓர் அரசாங்க அலுவலகத்தில் பியூன். சிங்கப்பூரில், தோ பாயோவில் வீடு.
லாசரஸ், இருபத்தாறு. சூசைநாதனின் மனைவிக்குத் தம்பி. அன்று காலை ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவன். இறங்கினான் என்று சொல்லலாமா என்பதுதான் பிரச்சினை.
நூருல் அமீன், துறைமுகக் குடிநுழைவு அதிகாரி. வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை.
சுவரில் ஒட்டியிருந்த தாளில் மூன்று ஆண் தலைகள். அவற்றுக்குப் பெயர் இல்லை.

சூசைநாதனின் மனைவி பிரிஜட் அங்கே இல்லை. அவள் வீட்டில், கால்களுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துப் படுத்திருந்தாள். ஏழு மாதம். எழுந்து நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நானும் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்தது 1974இல். நான் கேட்டது 1983இல், பூன் லேயில் ஒரு பலகைத் தொழிற்சாலையின் காவல் கொட்டகையில். அதற்குள் சூசைநாதன் அரசாங்க வேலையை விட்டு அங்கே இரவுக் காவலாளி ஆகியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள், இந்தக் கதைக்கு அது தேவையில்லை. மூன்று தடவை இதை என்னிடம் சொன்னார். மூன்று தடவையும் ஒரு கதவு வரைக்கும் வந்து நிறுத்திவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கப் போய்விட்டார்.

கதவுக்கு இந்தப் பக்கம் உள்ளது அவர் சொன்னது. சொல்லாமல் விட்டதில் சிலவற்றை நான் இட்டுக் கட்டியிருக்கிறேன். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“கப்பல் துறையைத் தொட்டபோது வெயில் ஏறியிருந்தது. கடற்காகங்கள் கூட்டமாக —”

சூசைநாதன் கடற்காகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனிதர் அன்றைக்கு வானத்தைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அடித்துவிட்டேன்.

அடுத்தது:

“நீண்ட முடி வைத்த ஆண்களை அப்போது இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த —”

இதுவும் சரியில்லை. இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு பங்குச் சாமியார் வீட்டுக் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த லாசரசுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தவர் சூசைநாதன். எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர். அவருடைய அலுவலகத்தில் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியதே அவர்தான். பசையைக் குழைத்து, நான்கு மூலையும் தூக்காமல் அழுத்தி ஒட்டினார். நீண்ட முடி வைத்த ஆண்கள் வரிசையில் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. எது நீண்ட முடி என்பதற்கு மூன்று தலைகள்: முன்னால் புருவத்தைத் தொடுவது, பக்கத்தில் காதை மூடுவது, பின்னால் சட்டைக் காலருக்குக் கீழே இறங்குவது. எழுத்துத் தெரியாதவர்கள் வந்தால் சூசைநாதன் கையால் காட்டுவார். புருவம், காது, காலர். ஒரு நாளைக்கு இருபது தடவை காட்டியிருப்பார்.

வெளியூர் ஆளாக இருந்தால் வரிசையின் கடைசி என்பதெல்லாம் இல்லை. வெட்டிக்கொண்டு உள்ளே வா, இல்லாவிட்டால் வந்த வழியே போ. இதுவும் அவருக்குத் தெரியும்.

ஆகவே கதை கப்பலில் தொடங்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால், சமையலறை மேசையில் எழுதிய ஒரு கடிதத்தில் தொடங்குகிறது.

3

பிரிஜட்டுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதத்தில், ஒன்று ஆறாம் மாதத்தில். முதல் பிள்ளை போன செய்தி ஊருக்குப் போனதும் லாசரஸ் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் மாதாவிடம் நேர்ந்துகொண்டான். அக்கா ஒரு பிள்ளையைப் பெற்று நல்லபடியாக எழுந்திருக்கும்வரை தலையில் கத்தி படாது, அதன் பிறகு அந்த முடியை மாதாவுக்கு இறக்குவது என்று. மூன்று வருடம். தாயும் தகப்பனும் இல்லாத இருவர். அவனுக்கு அக்காவுக்காகச் செய்யத் தெரிந்தது சமையலும் இதுவும்தான்.

இந்தத் தடவை டாக்டர் படுக்கச் சொன்னதும் பிரிஜட் கேட்டது ஒன்றே ஒன்று.

“தம்பியக் கூப்பிடுங்க. அவன் ஆக்கிப் போட்டா நான் பேசாமப் படுத்துக் கெடப்பேன். நீங்க வேலைக்குப் போயிட்டா நான் செவுத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

சூசைநாதன் நீல நிற ஏரோகிராம் தபால்தாளை விரித்து எழுதினார். அவர் பியூன், விண்ணப்பப் படிவங்களோடு வாழ்கிறவர். மச்சினனுக்கு எழுதினாலும் எண் போட்டுத்தான் எழுதுவார்.

1. பாஸ்போர்ட். அதில் சிங்கப்பூர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்.
2. அம்மை, காலரா ஊசி போட்ட மஞ்சள் புத்தகம். முத்திரை தெளிவாக இருக்க வேண்டும்.
3. திரும்பிப் போவதற்கும் சேர்த்து டிக்கெட்.
4. நான் பொறுப்பேற்று எழுதிய கடிதம். தனித் தபாலில் அனுப்புகிறேன். மடக்காதே.
5. கையில் கொஞ்சம் பணம். கேட்டால் காட்ட.
6. போட்டோ நான்கு.
7. என் முகவரியை மனப்பாடம் செய்துகொள். பிளாக் எண், மாடி எண், வீட்டு எண்.
8.

எட்டு என்று போட்டுப் புள்ளியும் வைத்துவிட்டார். எழுத வேண்டியது மூன்றே சொல். முடியை வெட்டிவிட்டு வா.

பிரிஜட் எதிரே, கூடத்தில் படுத்திருந்தாள். ஒவ்வொரு எண்ணையும் அவர் வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதினார்.

“எட்டு?” என்றாள்.

“ஞாபகம் வந்தா எழுதுறேன்.”

“என்னங்க அது, எண்ணப் போட்டுட்டு?”

“ஏதோ இருந்துச்சு. மறந்துடுச்சு.”

மறுநாள் காலை அப்படியே ஒட்டித் தபாலில் போட்டார்.

[மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து தனியாக இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாமே என்று நான் கேட்டேன். “எழுதலாம்” என்றார் சூசைநாதன். “எழுதினா எம்புள்ளைக்கு நானே முடிவு எழுதுன மாதிரி இருக்கும்.” அதற்குப் பிறகு அவர் நம்பியது வேறு ஆட்களை. மெட்ராஸ் ஆபீசில் யாராவது சொல்வார்கள். கப்பல் டிக்கெட் கொடுப்பவன் சொல்வான். கூட வரும் பயணி ஒருவன் சொல்வான். இந்த வரியை உலகத்தில் யாராவது ஒருவர் அவருக்குப் பதிலாகச் சொல்லிவிடுவார்கள் என்று இரண்டு மாதம் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை.]

4

கப்பல் வந்த செவ்வாய்க்கிழமை காலையில், வீட்டை விட்டுக் கிளம்பும்போது பிரிஜட் சொன்னாள்:

“கூட்டத்துல எவனும் அவன் தலையில கை வைக்காமப் பாத்துக் கூட்டிட்டு வாங்க.”

துறைமுகத்தில் மற்றப் பயணிகள் மூட்டையும் பெட்டியுமாக ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். லாசரஸ் வரவில்லை. பதினொரு மணிக்கு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே லாசரஸ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முடியை எண்ணெய் வைத்து வாரிப் பின்னால் ஒரு நாடாவால் கட்டியிருந்தான். நுனி தோளைத் தாண்டி இறங்கியிருந்தது. அவனுக்குச் சரியாகத் தலைக்குமேலே சுவரில் அந்த மூன்று தலைகள். அலுவலகத்தில் சூசைநாதன் ஒட்டிய அதே தாள்.

“மச்சான்!” லாசரஸ் எழுந்தான். “பாருங்க, ஏழும் கொண்டாந்திருக்கேன். நீங்க சொன்ன மாதிரி மடக்கக்கூட இல்ல. எட்டுதான் என்னன்னு தெரியல. மை அழிஞ்சு போச்சோன்னு வெளிச்சத்துல புடிச்சுக்கூடப் பாத்தேன்.”

“ஒண்ணுமில்ல மாப்ள” என்றார் சூசைநாதன்.

இதைச் சொன்னபோது நூருல் அமீன் தன்னைப் பார்த்தான் என்று அவர் சொன்னார். பிறகு அவன் பேசினான், இடையிடையே இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு:

“அண்ணே, உட்காருங்க. பேப்பர் எல்லாம் கிளீன். ஒரு குறை இல்ல. முடிதான் பிராப்ளம்.”

“சார், அது நேர்ச்சை.”

“சொன்னாரு லா. ஒரு மணி நேரமா சொல்லிக்கிட்டு இருக்காரு. எங்க உம்மாவுக்கு நாகூரு. எனக்கே அங்கதான் முடி எறக்குனாங்க. எனக்குப் புரியாதா? ஆனா என் பாஸுக்குப் புரியணுமே. நாலு மணிக்கு கவுன்டர் மூடுவோம். அதுக்குள்ள காலருக்கு மேல போயிடணும். இல்லாட்டி மறுத்தாச்சுன்னு முத்திரை. அப்புறம் அடுத்த தடவை வரது ரொம்பக் கஷ்டம்.”

லாசரஸ் சிரித்துக்கொண்டே கேட்டான். “தலப்பா கட்டிக்கிட்டா விடுவீங்களா? கப்பல்ல ஒரு சர்தார்ஜி வந்தாரு. அவரு பாட்டுக்கு நடந்து போயிட்டாரு.”

“பாஸ்போர்ட்டுல லாசரஸ்னு போட்டிருக்கே பிரதர். பஞ்சாப்ல எந்த லாசரஸ்?”

மூன்று பேரும் சிரித்தார்கள். சூசைநாதனும் சிரித்தார். அதை நினைத்து ஒன்பது வருடம் கழித்தும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

“ஒரு வழி இருக்கு” என்றான் நூருல் அமீன். “இப்ப வெட்டி, ஒரு பையில போட்டு வச்சுக்குங்க. ஊருக்குத் திரும்புறப்ப மாதாகிட்ட கொடுத்துடுங்க. முடி எங்கயும் போகாது.”

லாசரஸ் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

“நான் நேந்துக்கிட்டது முடிய இல்லீங்க. கத்தி படாம இருக்கிறத. அக்கா பெத்து எந்திரிக்கணும், அப்புறம்தான் கத்தி. முன்னாடி பட்டுட்டா அது வெறும் முடி. பையில போட்டு எங்க கொண்டு போறது?”

“அப்ப கப்பலுக்குத் திரும்பிப் போயிடுறீங்களா?”

“அக்காவுக்கு யாரு ஆக்கிப் போடுறது?”

[இந்த இடத்தில் “மின்விசிறி மட்டும் சுழன்றது” என்று எழுதியிருந்தேன். எல்லாக் கதையிலும் அதுதான் சுழல்கிறது. எடுத்துவிட்டேன்.]

5

நூருல் அமீன் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பெயரே நான் வைத்ததுதான். சூசைநாதன் “அந்தத் தம்பி” என்று மட்டும்தான் சொன்னார். நாகூரும் என்னுடையதே. முதல் வரைவில் அவனைக் கெட்டவனாக எழுதினேன். மேசையைத் தட்டினான், கத்தினான். எழுத எளிதாக இருந்தது. படிக்கவும் எளிதாக இருக்கும், ஒரு ஆளைத் திட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் சூசைநாதன் தெளிவாகச் சொன்னார், அவர் சொன்னதை மாற்ற எனக்கு மனமில்லை: அந்தத் தம்பி கடைசிவரை மரியாதையாக இருந்தான். போன் பேசவும் அவனே விட்டான்.

தோ பாயோவில் அவர்கள் மாடியில் போன் இருந்த வீடு சம்சுன்னிசாவுடையது. எதிர்வீடு. அன்று பிரிஜட்டைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். இரண்டு வீட்டுக் கதவையும் திறந்துபோட்டுவிட்டு, இங்கிருந்து அங்கே கத்திப் பேசலாம்.

“சூசையண்ணனா? எங்க இருக்கீங்க? மணி ரெண்டாச்சு. இவ ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குறா. தம்பி வந்தாத்தான் சாப்பிடுவாளாம்.”

“கொஞ்சம் லேட் ஆகும். பேப்பர் பாக்குறாங்க.”

“பேப்பர் பாக்குறாங்களாம்டீ!” என்று அவள் எதிர்வீட்டுக்குக் கத்தியது அவருக்குக் கேட்டது. பிரிஜட் ஏதோ சொன்னாள். அது கேட்கவில்லை. சம்சுன்னிசா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

“அண்ணே, இவ கேக்குறா, முடி எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு.”

சூசைநாதன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். லாசரஸ் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

“தோளைத் தாண்டி” என்றார்.

“தோளத் தாண்டியாம்டீ!”

அதற்கு பிரிஜட் சிரித்தது மட்டும் கேட்டது. அவர் போனை வைத்துவிட்டார்.

6

இப்போது முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) வெட்டினார்கள். லாசரஸ் உள்ளே வந்தான். பிரிஜட் கதவைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவன் தலையைப் பார்த்ததும் —

ஆ) வெட்டவில்லை. லாசரஸ் கப்பலேறினான். சூசைநாதன் தனியாக வீட்டுக்குப் போனார். பஸ்ஸில் அவர் யோசித்துக்கொண்டு போன பொய் —

இ) நூருல் அமீன் அவனை ஒரு தொப்பிக்குள் ஒளித்து முத்திரை குத்தி அனுப்பிவிட்டான். இதை இரண்டு பக்கம் எழுதினேன். எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் கிழித்தேன். அவன் வேலை போயிருந்தால் அதற்கு யார் நேர்ந்துகொள்வது?

அ, ஆ இரண்டையும் முடிக்க முடியவில்லை. காரணம் எளிது. இரண்டுக்குப் பிறகும் நீங்கள் கேட்கப் போவது ஒன்றைத்தான்: பிள்ளை பிழைத்ததா? வெட்டினார்கள், பிள்ளை பிழைத்தது என்று எழுதினால், நேர்ச்சை எல்லாம் சும்மா என்பீர்கள். வெட்டினார்கள், பிழைக்கவில்லை என்று எழுதினால், சூசைநாதன் கையைப் பார்ப்பீர்கள். ஒரு கத்தரிக்கோலுக்கும் ஒரு கருப்பைக்கும் நடுவில் நான் கோடு போட்டதாக ஆகிவிடும். அப்படி ஒரு கோடு இல்லை. இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த மனிதருக்கு அது இருந்தது. கழுத்துக்கு நேரே இருந்தது. பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை அவர் அந்தக் கோட்டில்தான் நின்றார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், பிள்ளையைப் பற்றி அல்ல.

தெரிந்துகொள்ள முடியாமல் இல்லை. பூன் லேயிலிருந்து இரண்டு பஸ் மாறினால் தோ பாயோ. வீட்டு எண் எனக்கும் மனப்பாடம். கீழே நின்றால், பள்ளிக்கூடம் விட்டு ஒன்பது வயதுப் பிள்ளை அந்த மாடிக்கு ஏறுகிறதா என்று பார்த்துவிடலாம். இரண்டு தடவை பஸ் நிறுத்தம்வரை போனேன். ஏறவில்லை.

ஆகவே இந்தக் கதைக்கு ஏழு பகுதிதான். எட்டாவதற்கு எண்கூட நான் போடப் போவதில்லை. வேண்டுமென்றால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். போட்டுவிட்டு அதற்கு நேரே என்ன எழுதுவீர்கள் என்று பாருங்கள்.

7

மூன்று மணிக்கு லாசரசை உள்ளறைக்கு மாற்றினார்கள். இன்னும் நாட்டுக்குள் வராதவர்கள் காத்திருக்கிற அறை அது. அவனோடு அவன் தகரப்பெட்டியும் போயிற்று. அதற்குள் அக்காவுக்காகக் கருவாடும் மிளகுப்பொடியும் வைத்திருந்தான். நூருல் அமீன் கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சூசைநாதன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்றேகால். மூன்றரை. எழுந்து சுவரில் இருந்த தாளுக்கு எதிரே போய் நின்றார். கீழ் மூலை ஒன்று தூக்கிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். அது ஒட்டவில்லை.

மூன்றே முக்காலுக்கு நூருல் அமீன் உள்ளே போய்விட்டு வெளியே வந்தான்.

“அண்ணே, உங்க மச்சான் ஒரு சேதி சொல்றாரு.”

“என்ன சொல்றான்?”

“அந்த எட்டாவது என்னன்னு அவருக்குப் புரிஞ்சு போச்சாம். நீங்க உள்ள வந்து அதை அவர் மொகத்தப் பாத்து உங்க வாயால சொல்லணுமாம். சொன்னா குனிஞ்சு கொடுக்கிறாராம். வேற யாரையும் வெட்ட விட மாட்டாராம். சொல்லலேன்னா கப்பலுக்குப் போயிடுறாராம்.”

“கோவமா இருக்கானா?”

“இல்ல லா. அழுதாப்ல இருக்கு. ‘அக்காவுக்கு எது நல்லதுன்னு மச்சானுக்குத்தான் தெரியும்’ங்குறாரு. தெரியுமாண்ணே?”

[இங்கே சூசைநாதன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று மூன்று தடவை கேட்டபோதும் எனக்குத் தோன்றியது. அவர் சொல்லவில்லை. நானும் அவர் வாயில் எதையும் வைக்கவில்லை.]

நூருல் அமீன் மேசை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தான். காகிதம் வெட்டுகிற கத்தரி, கறுப்புக் கைப்பிடி. சூசைநாதன் அலுவலகத்திலும் அதே மாதிரி ஒன்று உண்டு. தாளின் ஓரத்தை நேராக வெட்டி ஒட்டியது அதை வைத்துத்தான்.

“முனையைக் கீழ பாத்துப் புடிச்சுக்குங்க” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “பத்து நிமிஷம் இருக்குண்ணே. உள்ள யாரு போனாலும் நான் பூட்டித்தான் ஆகணும். தட்டுங்க, தொறக்குறேன்.”

சூசைநாதன் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். அதைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். யாரிடமிருந்து மறைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. நடந்துகொண்டே அந்த வரியை ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். மூன்று சொல்லில் “வா” இப்போது வேண்டியதில்லை. அவன் வந்துவிட்டான். மிச்சம் இருந்தது இரண்டு சொல்.

கதவு திறந்தது. லாசரஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். நாடாவை அவிழ்த்து மடியில் மடித்து வைத்திருந்தான்.

“வாங்க மச்சான்” என்றான்.

சூசைநாதன் உள்ளே போனார். அவருக்குப் பின்னால் நூருல் அமீன் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினான்.